எனக்கு சீரியஸ் என்று நானே கொடுத்த தந்தி

அன்பு மருமகனுக்கு,

உன் தாய்மாமன் வாயால் சொல்ல, வேறொருவர் கையால் எழுதியது. நீயும் உன் மனைவியும் உன் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். படித்து முடித்த பிறகும் அப்படியே இருந்தால் ஒரு வரி எழுதிப் போடு. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, குடும்பத்தில் அதுவும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறவர் கீழ்க்கடை மருந்துக்காரர். எழுத்து புரியவில்லை என்று அவரைக் குறை சொல்லாதே, ஆயுசு முழுக்க டாக்டர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் கை வேறு எப்படிப் போகும்? போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று தேடிக்கொண்டிருப்பேன். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நீ கேட்டது ஒரே கேள்வி. உன் பெண்ணை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் நடத்துகிற பாறைப் படிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மலை மலையாக ஏறி, கூடாரத்தில் தங்கி, சுத்தியலால் தட்டிப் படிக்கிற படிப்பு. விமானச் சீட்டு வந்தாகிவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது, நீ மட்டும் இன்னும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நம் குடும்பத்தில் அதே மாதிரிப் படிப்புக்கு முதலில் போனவள் என் சின்ன மகள், ஆகையால் அனுபவப்பட்டவன் சொல்லட்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அனுப்பாதே. ஏன் என்பதைக் கேட்டுக்கொள்.

அது எந்த வருஷம் என்று மருந்துக்காரர் கேட்கிறார். நம்பரெல்லாம் எனக்கு வராது. ஆற்றுப் பாலம் முதுகு ஒடிந்து நட்ட நடுவில் உட்கார்ந்ததே, அந்த வருஷம். பட்டப்பகலில் சூரியன் மறைந்து, கோழியெல்லாம் கூண்டுக்குள் போய், சற்று நேரத்தில் மறுபடி வெளிச்சம் வந்ததும் சேவல் கூவுவதா வேண்டாமா என்று யாரையும் பார்க்காமல் நின்றதே, அந்த வருஷம். உன் அப்பா ஸ்கூட்டர் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, நிறுத்தக் கற்றுக்கொள்ளாமல், பள்ளிக்கூட மைதானத்தில் பெட்ரோல் தீரும்வரை சுற்றிச் சுற்றி வந்தாரே, அந்த வருஷம். சுற்றும்போதெல்லாம் என் கடைப்பக்கம் திரும்பி, “மச்சான், பிரேக் எங்க இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே போவார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப்பக்கம் போய்விடுவார். அடுத்த சுற்றில் மீதியைச் சொல்லுவேன். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

எனக்கு அப்போது பஞ்சர் கடை. பக்கத்துக் கடை போட்டோ ஸ்டூடியோ. தெருவிலேயே போன் இருந்தது அந்த ஸ்டூடியோவில்தான், ஆகவே பாதித் தெருவுக்குச் சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் அங்கேதான் வந்து இறங்கும். அழுகிற முகம், சிரிக்கிற முகம் எல்லாவற்றையும் ஸ்டூடியோக்காரர் இனாமாகப் பார்த்துவிடுவார். படம் எடுக்க வருகிறவன் மட்டும்தான் அவர் முன்னால் கட்டையாக நிற்பான். சின்னவள் பாறைப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சைக்கிளை என் கடையில் சாய்த்துவிட்டு வந்து நின்று, வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் கோடை முழுக்க மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போகிறது, எந்த இடத்தில் எந்தப் பாறை, அது எந்தப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நடந்தே பார்த்து வரைபடம் போடச் சொல்லிக்கொடுக்கிறது, வரைபடத்தை முடித்துக் கொடுத்தால்தான் படிப்பு பூர்த்தி, செலவெல்லாம் அவர்களுடையது, என்னை எடுத்திருக்கிறார்கள் என்றாள். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு, போயிட்டு வா என்றேன். பெரியண்ணன்தான், அதாவது உன் பெரிய மாமா, கல்லைப் பார்க்க வெளிநாடு எதற்கு, நம் கொல்லையிலேயே கிடக்கிறதே என்றார். அவர் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி சொன்னதை எழுதிக்கொண்டே இருந்தவருக்கு ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தானே தீர்ப்புச் சொல்லும் ஆசை வந்துவிட்டது. வாதி பிரதிவாதிக்கு வெளியில் எங்கே போவார்? நம் குடும்பம்தான் கிடைத்தது. கடைசியில் செலவு அவர்களுடையது என்பதால் வழக்கை அனுமதித்தார். அவள் போனாள்.

போய்க் கொஞ்ச நாளில் கவர் ஒன்று வந்தது. உள்ளே ஒரு போட்டோ. மலைச்சரிவில் பத்திருபது பேர், எல்லோர் கையிலும் சுத்தியல், நம் பெண் ஓர் ஓரத்தில், எறும்பளவு. ஸ்டூடியோக்காரர் என் மேல் உள்ள பிரியத்தில், அண்ணே, நம்ம பொண்ணு மட்டும் பெரிசாத் தெரியற மாதிரி போட்டுத் தர்றேன் என்று எடுத்துப்போனார். அந்தப் பிரியத்தால் வந்ததுதான் எல்லாம். பெரிதாகி வந்த படத்தில் சின்னவள் ஒரு கல்லை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருக்கிறாள். சந்தேகத்துக்கே இடமில்லை. நாக்கு தெரிகிறது, கல் தெரிகிறது, முகத்தில் ஒரு திருப்தி தெரிகிறது. நான் பார்த்து, பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது, அங்கே சோறு சரியில்லை என்று நினைத்தேன். படத்தைக் கொண்டுபோய் என் தங்கையிடம், அதாவது உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படத்தைக் கவிழ்த்து வைத்தாள். “அண்ணே, கதவைச் சாத்துங்க” என்றாள். சாத்தினேன். “இது பசி இல்லை. மசக்கை.”

அன்று சாயங்காலமே பெரியண்ணன் வீட்டு முன்னறையில் கோர்ட் கூடிவிட்டது. பெரியண்ணன் சாய்வு நாற்காலியில். உன் அப்பா ஸ்டூலில். உன் அம்மாவும் என் வீட்டுக்காரியும் பாயில். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன், அது குற்றவாளிக் கூண்டு மாதிரி அமைந்துவிட்டது. பெரியண்ணன் படத்தை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உன் அம்மாவை விசாரித்தார். எத்தனை பெற்றவள்? ஐந்து. ஐந்து தடவையும் வாய்க்கு என்ன கேட்டது? உன் அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தாள்: மூத்தவனுக்கு சிலேட்டுக் குச்சி, அடுத்தவளுக்கும் அதுவே, மூன்றாவதற்கு அடுப்புச் சாம்பல், நாலாவதற்குச் சுவர்ச் சுண்ணாம்பு, கடைசிக்குச் செங்கல். கடைசி நீதான், மருமகனே. உனக்குச் செங்கல். நீ எதையும் சட்டென்று முடிவெடுக்காமல் அசையாமல் இருப்பது ஏன் என்று எனக்கு அன்றே தெரியும். உன் அப்பா மட்டும், கல்லில் உப்பு கிப்பு இருந்திருக்குமோ, பிள்ளை ருசி பார்த்திருக்குமோ என்று இழுத்தார். பெரியண்ணன், பிள்ளை பெற்ற அனுபவம் இல்லாத சாட்சியைக் கோர்ட் ஏற்காது என்று அவரை உட்காரவைத்தார். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

தீர்ப்பு: பெண்ணை உடனே திருப்பிக் கூப்பிடவேண்டும், பாறையும் வேண்டாம் படிப்பும் வேண்டாம். காரணம் சொன்னால் வரமாட்டாள், ஆகவே வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கவேண்டும். யார் என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று. பெரியண்ணனுக்கு என்று தந்தி கொடுத்தால் அவள் படிப்பை முடித்துவிட்டு நிதானமாக வருவாள் என்று அவரே ஒப்புக்கொண்டார், அந்த நேர்மை அவரிடம் உண்டு. உன் அப்பா, எனக்கு வேண்டுமானால் போடுங்கள் என்று முன்வந்தார், ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததாகச் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் அத்தை வீட்டுக்காரருக்காக யார் விமானம் ஏறுவார்கள்? கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. “அப்பா சீரியஸ், உடனே வா” என்று பெரியண்ணன் துண்டுத்தாளில் எழுதி என் சட்டைப்பையில் செருகினார். இத்தனைக்கும் என் வீட்டுக்காரி வாயே திறக்கவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணின் முகத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தந்தி ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் என் கடையில் சைக்கிளுக்குக் காற்று பிடிக்கிறவர். தாளைப் படித்தார். முகம் சுருங்கியது. “யாருக்கு அண்ணே சீரியஸ்?”

“எனக்குத்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கால்வரைக்கும் பார்த்தார். “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?”

“தந்தி போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிடும்.”

பெரிய மனுஷர், மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் விலாசம் கேட்டார். மலை என்றேன். எந்த மலை என்றார். நாலு நாளுக்கு ஒரு மலை மாறுவார்கள் என்றேன். மலைக்கெல்லாம் தந்தி ஏறாது அண்ணே என்று சொல்லி, பல்கலைக்கழக விலாசத்துக்குப் போட்டார், அங்கிருந்து வாரம் ஒருமுறை சாமான் ஏற்றிப்போகும் வண்டியில் போகும் என்றேன். அவர் ரகசியத்தைக் காப்பாற்றினார், தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் யாரும் பஞ்சர் ஒட்ட வரவில்லை. தையற்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பால்காரர், இனிமேல் எவ்வளவு பால் ஊற்றட்டும் என்று என் வீட்டுக்காரியைத் தனியாகக் கேட்டார். ஸ்டூடியோக்காரர், முகம் தெளிவா இருக்கும்போதே ஒண்ணு எடுத்து வச்சுக்கலாமே அண்ணே என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார். கூடத்தில் மாட்டியிருக்கிறதே என் படம், நீ வரும்போதெல்லாம் மாமா இதில் எவ்வளவு கம்பீரம் என்பாயே, அது அன்று எடுத்ததுதான். கம்பீரம் இல்லை, கடுப்பு.

இந்த அமளியில் என் வீட்டுக்காரி என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கோர்ட் கூடிய மறுநாள் காலை கிண்ணியும் கரண்டியுமாக வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்துப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். கரையில் குந்தி, மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, அடியில் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கிற சாம்பல் நிற மண்ணை வழித்துக் கிண்ணியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன இது என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. “திட்டறதுக்கு உங்க எல்லாருக்கும் ஆள் இருக்கு. திங்கணும்னு வாய் கேட்குதுன்னா, கண்ட கல்லையும் ஏன் நக்கணும்? நல்ல மண்ணா திங்கட்டும். இவளை வயித்துல வச்சிருந்தப்போ நான் தின்னது இந்த மண்ணுதான்.” கரண்டியை வாங்கி நானும் கொஞ்சம் வழித்துக் கொடுத்தேன். அதை உருண்டையாக்கி, நிழலில் உலர்த்தி, தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி, பார்சல் பண்ணி அனுப்பினாள். உள்ளே துண்டுச் சீட்டு எதுவும் வைக்கவில்லை, அவளுக்கும் எழுத்து வராது.

இப்போது என்ன நடந்தது என்று யோசி. தந்தி பல்கலைக்கழகத்து அலமாரியில் படுத்துக்கிடந்தது. பார்சல் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒரே சாமான் வண்டியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நாளில் மலை ஏறின. சின்னவள் கூடாரத்து வாசலில் நின்று ஒரு கையில் தந்தியைப் பிரிக்கிறாள்: அப்பா சீரியஸ். இன்னொரு கையில் பார்சலைப் பிரிக்கிறாள்: அம்மா சேலைத் துணி, அதற்குள் மண். வேறென்ன நினைப்பாள், நீயே சொல்லு. சுத்தியல், பை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மலையிலிருந்து ஓடி இறங்கி, அடிவாரத்துக் கடையில் போன் பிடித்து, ஸ்டூடியோ நம்பரைக் கேட்டிருக்கிறாள். ஸ்டூடியோக்காரர் அந்த நேரம் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவர் என்னைத்தான்.

மணி அடித்தது. நான் எடுத்து, கடைக்காரர் மாதிரியே, “ஹலோ, ஸ்டூடியோ” என்றேன்.

அந்தப்பக்கம் அழுகை. “அண்ணே, எங்கப்பா எப்போ...”

“அப்பாதாம்மா பேசறேன்.”

லைன் போய்விட்டதோ என்று குழாயை ஒரு தட்டு தட்டினேன். “சாப்பிட்டியாம்மா?”

“அப்பா, உங்களுக்கு சீரியஸ்னு தந்தி வந்துச்சே.”

“ஆமாம்மா. நான்தான் போய்க் கொடுத்தேன்.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை, இன்று வரைக்கும் அவளுக்கும் தெரியாது. மண் எதற்கு என்று கேட்டாள். நான் அதைக் காதில் வாங்காதவன் போல, கல்லை எதுக்கும்மா நக்கினே என்று கேட்டேன். அதற்குள் ஸ்டூடியோ வாசலில் தையற்காரர், பால்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவள் சொன்னாள்: கல்லை ஈரமாக்கினால்தான் அதன் பொடிமணி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், மலைமேல் தண்ணீரைத் தேடிக்கொண்டு போக முடியாது, நாக்குதான் கிட்டத்தில் இருக்கிறது. மண்கல்லாக இருந்தால் முன்பல்லில் வைத்துக் கடித்தும் பார்க்க வேண்டும், நறநறவென்றால் ஒரு ஜாதி, வழவழவென்றால் வேறு ஜாதி. முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான், எல்லாரும் நக்குவார்கள், பேராசிரியர்தான் முதலில் நக்குவார். இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள் என்றாள். சும்மா என்றேன். அப்புறம் அவள் குரல் இறங்கியது. வரைபடத்தில் இன்னும் ஒரு சரிவு பாக்கி இருக்கிறது, விட்டுவிட்டு வந்தால் இந்த வருஷம் முழுக்கக் கணக்கில் சேராது, மறுபடி கூப்பிடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, “வரணும்னா வந்துடறேம்பா. வரட்டுமா?” என்று கேட்டாள்.

பெரியண்ணன் தீர்ப்பு என் சட்டைப்பையில்தான் இருந்தது, தந்தி எழுதிக் கொடுத்த அதே துண்டுத்தாள். தெருவே வாசலில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. “வேண்டாம்மா” என்றேன். “முடிச்சிட்டே வா. எனக்குச் சரியாயிடுச்சு.” குழாயை வைத்துவிட்டுத் திரும்பினால், தையற்காரர் மட்டும் கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி இருந்தார்.

இதைச் சொல்லும்போது மருந்துக்காரர் சிரிக்கிறார், அதனால் மேலே நாலு வரி கோணலாகியிருக்கும். பெரியண்ணன் சிரிக்கவில்லை. கோர்ட் உத்தரவை மீறியதாக என்மேல் தனி வழக்கு. எல்லாரும் நக்குவார்கள் என்று அவள் சொன்னால் நம்பிவிடுவதா, சாட்சி எங்கே என்றார். அவளைத் திருப்பிக் கூப்பிடும் வரை என் வாசல்படி மிதிப்பதில்லை என்று சொல்லி, அதைச் சொல்வதற்காக என் வாசல்படியில் வந்து நின்றார். உன் அம்மா வந்து, அண்ணே, நாள் தள்ளத் தள்ள மறைக்க முடியாது என்று காதில் ஓதிவிட்டுப் போனாள். உன் அப்பா மட்டும் தினமும் ஸ்கூட்டரில் வந்து, நிறுத்த முடிந்த நாளில் இறங்கி, நிறுத்த முடியாத நாளில் கையை ஆட்டிவிட்டுப் போனார். நானும் பெண் சொன்னதை நம்பினேனா என்றால், பகலில் நம்பினேன். விளக்கு வைத்த பிறகு கொஞ்சம் தளரும். என் வீட்டுக்காரியிடம், அப்படி ஒன்றும் இல்லையாம், படிப்புக்காகத்தான் நக்கினாளாம் என்று சொன்னதற்கு, “எதுவா இருந்தாலும் எம்பொண்ணு வீட்டுக்குத்தானே வருவா” என்றாள்.

அப்புறம் இரண்டாவது போட்டோ வந்தது. இந்தத் தடவை ஸ்டூடியோக்காரரைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெரிய பாறைமேல் எல்லோரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசை நடுவில் பேராசிரியர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, நெஞ்சுக்குக் கீழே நல்ல பெரிய வயிறு. அவர் தொடங்கி ஓரத்தில் நிற்கிற சமையல்காரர் வரைக்கும் ஆளுக்கொரு மண்ணுருண்டை வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் குளத்து மண். அப்பா அம்மா ஊரிலிருந்து சோதித்துப் பார்க்க மாதிரி மண் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களாம், பல்லில் ஒரு பொடிகூட நெருடவில்லை, இப்படி ஒரு வழவழப்பை மலையில் பார்க்கவே இல்லை என்று பேராசிரியர் இன்னொரு உருண்டை கேட்டாராம். இதையெல்லாம் படத்தின் பின்னால் எழுதியிருந்தாள், ஸ்டூடியோக்காரர் படித்துச் சொன்னார்.

கோர்ட் மறுபடி கூடியது. பெரியண்ணன் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு நாக்காகப் பார்த்துக்கொண்டே போனார். தாடிக்காரரிடம் வந்து நின்றுவிட்டார். உன் அப்பாதான், தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சரியான இடத்தில் பிரேக் போட்டது மாதிரி மெல்லக் கேட்டார்: “இவருக்கு எத்தனாவது மாசம்?”

பெரியண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், இருமலாக மாற்றி, சந்தேகத்தின் பலன் எதிரிக்கே என்று எழுந்து உள்ளே போய்விட்டார். உன் அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கொண்ட கொள்கை தோற்கக்கூடாது, ஆகவே அந்த மண் அப்படிப்பட்டது, யாருக்கும் திங்கத் தோன்றும் என்று முடித்தாள். மறுநாள் குளத்தங்கரையில் அவளைப் பார்த்தேன். கால் கழுவ வந்தேன் என்றாள். உதட்டில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது.

சின்னவள் வரைபடத்தை முடித்து, முதல் வகுப்பில் தேறி வந்து சேர்ந்தாள். கதை அதோடு முடிந்தது என்று நினைக்காதே, தொந்தரவே அப்புறம்தான். அவள் பெட்டியை இறக்க வந்த சுமைக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பெட்டி, அவ்வளவு கனம், என்னென்ன இருக்குமோ என்று குடும்பமே சுற்றி உட்கார்ந்தது. உன் அப்பா கைக்கடிகாரம் எதிர்பார்த்து மணிக்கட்டைத் துடைத்து வைத்திருந்தார். திறந்தாள். கல். ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி, நம்பர் போட்டு, கல். உன் அப்பா கையில் ஒரு கறுப்புக் கல்லை வைத்து, மாமா, இது நாற்பது கோடி வருஷத்துக்கு முந்தினது என்று பெருமையாகச் சொன்னாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, புதுசா ஒண்ணும் கிடைக்கலையா?” என்றார். உன் வீட்டுப் பின்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, அதுதான் அந்தக் கல். எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் தன் அம்மாவிடம், ஏம்மா எனக்கு மண்ணு அனுப்பினே என்று கேட்டாள். என் வீட்டுக்காரி பெட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, “சும்மாதான்” என்றாள். கடைசிவரைக்கும் அவ்வளவுதான் சொன்னாள்.

அதன்பிறகு அவளோடு ஒரு பஸ்ஸில் நிம்மதியாகப் போக முடிந்ததா? ரோடு போட மலையை வெட்டியிருக்கும் இடமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு. கல்யாணப் பேச்சுக்கு வந்த ஒரு வீட்டார் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டு, தரையெல்லாம் அசல் மார்பிள் என்று பெருமை பேசினார்கள். இவள் பையிலிருந்து மருந்துப் புட்டி மாதிரி ஒன்றை எடுத்து தரையில் ஒரு சொட்டு ஆசிட் விட்டாள். அசல் என்றால் பொங்குமாம். பொங்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் பொங்கினார். சம்பந்தம் அங்கேயே அறுந்தது. அடுத்த வீட்டுப் பையன் இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எங்கள் வீட்டில் வெறும் சிமெண்டுத் தரைதான், தைரியமாக வரச்சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினான். அவன்தான் என் மாப்பிள்ளை. இன்றைக்கும் அவன் வீட்டில் துணி வைக்கிற அலமாரியில் கல், கல் வைக்கிற அலமாரியிலும் கல்.

ஆகவே மருமகனே, யோசித்துப் பார். பெண் பிள்ளை மலையில் விழுந்துவிடுவாளோ, பாம்பு கடிக்குமோ என்று நீ பயப்படுகிறாய். அவளுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் இருக்கிற நமக்குத்தான் எல்லாம் ஆகும். நல்ல உடம்போடு நான் செத்துப் பிழைத்தேன். உனக்கு அந்த மாதிரி தாங்கும் சக்தி இல்லை, நீ செங்கல்லில் வளர்ந்தவன், உடைந்தால் ஒட்டாது. அனுப்பாதே. இதுதான் பெரியவன் நான் முடிவாகச் சொல்வது.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பெண்ணுக்கு என் ஆசி, அவள் கால் எந்தச் சரிவிலும் வழுக்காமல் இருக்கட்டும். நீ நீண்ட ஆயுசோடும் கொஞ்சம் குறைந்த யோசனையோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: மேலே சொன்ன முடிவை நீ மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம், அது உன்னை இதுவரை படிக்க வைப்பதற்காகச் சொன்னது. இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, உன் மதியச் சாப்பாடு முடிந்ததும் கையில் கொடுக்கப்பட்டது, கவனித்திருப்பாய். போன வாரம் ஒருவர் எனக்குப் போன் பண்ணி, “அவன் வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டான், அந்தப் பொண்ணு பெட்டியோட எப்படி அண்ணே வெளியே போகும்? உங்க கடுதாசின்னா கண்ணாடியை மாட்டிக்கிட்டு உள்ளே போய்ப் படிப்பான், நீளமா எழுதச் சொல்லுங்க” என்றார். உன் பெண்ணுக்கு வயது வந்துவிட்டது, உன் கையெழுத்து யாருக்கும் தேவையில்லை, நீ வாசலில் இல்லாமல் இருந்தால் போதும். எழுந்து ஓடாதே, இந்த வரிக்கு நீ வருவதற்குள் கார் விமான நிலையத்துக்குப் போயிருக்கும், உன் மனைவியும் அதில்தான் இருக்கிறாள். கோபம் இருந்தால் கேட்பதற்கும் ஆளில்லை. அன்று அந்த முன்னறையில் உட்கார்ந்து, பாறையும் வேண்டாம் படிப்பும் வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிய கூட்டத்தில் பெரியண்ணன் போய்விட்டார். உன் அப்பா போய்விட்டார். வாயே திறக்காமல் இருந்த என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். அன்று பெண்ணைத் திருப்பிக் கூப்பிடச் சொன்னவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. இப்போது அந்தக் காரில், உன் பெண்ணுக்குப் பக்கத்தில், பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உன் அம்மா.